ஆபாவின் கறுப்பு வளையல்

கோபாலபுரத்தில் எங்கள் குடியிருப்பில் மொத்தம் எட்டு வீடுகள். மின்சாரம் போனால் ஏழு வீடுகளில் "ச்சே" என்று ஒரு சலிப்பு கேட்கும். எட்டாவது வீட்டில் மட்டும் நாற்காலியை இழுத்துப் போடும் சத்தம் கேட்கும். முதல் மாடி, தெருப்பக்கத்து வீடு. நாங்கள் எல்லாரும் விசிறியைத் தேடிக்கொண்டிருக்கும்போது அந்த அம்மா தன் ரேடியோவுக்கு முன்னால் உட்கார்ந்துவிடுவார். பிறருக்கு எரிச்சல் வரும் நேரம் அவருக்குப் பண்டிகை.

"ஊரு மொத்தமும் வாய மூடிக்கிச்சி சார். இப்பதான் காது தெறக்கும்" என்பார்.

அவருக்கு ஒரு பெயர் இருந்தது. குடியிருப்போர் சங்கத்தின் செயலாளன் என்ற முறையில் ஆறு வருஷம் அதை நானே என் கையால் பட்டியலில் எழுதியிருக்கிறேன். இங்கே எழுத எனக்கு யோக்கியதை இல்லை. எல்லாரும் கூப்பிட்டபடி ஆபா என்றே சொல்லிவிடுகிறேன். உருதுவில் அக்கா. நந்தனம் பக்கத்தில் ஒரு கல்லூரியில் இயற்பியல் ஆய்வகத்தில் உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். கணவர் காலமாகிப் பல வருஷம். பிள்ளைகள் இல்லை. ஹாம் ரேடியோ வைத்திருந்தார். அரசாங்கத்தில் பரீட்சை எழுதி உரிமம் வாங்கி, வீட்டிலிருந்தபடியே கம்பியில்லாமல் ஊர் ஊராகப் பேசுகிறவர்களில் ஒருவர். மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியிலிருந்து பக்கத்து வேப்பமரத்துக்கு அவர் கட்டியிருந்த ஏரியல் கம்பியைத் துணி உலர்த்தும் கொடி என்று நினைத்து என் மனைவி ஒரு முறை போர்வை காயப்போட்டுவிட்டாள். ஆபா மேலே வந்து போர்வையை எடுத்து மடித்துக் கையில் கொடுத்து, "நா இன்னும் ஒசரமா கட்டியிருக்கணும், என் தப்பு" என்றார். போர்வை போட்டவள் திகைத்து நின்றாள்.

அதுதான் ஆபா. எது கெட்டாலும் முதலில் தன்னைச் சந்தேகப்படுவார். பால் திரிந்தால் பால்காரரைக் கேட்கமாட்டார், பாத்திரத்தை முகர்ந்து பார்ப்பார். தி.நகரில் புடவைக் கடை வாசலில் யாரோ ஒருவன் அவர் காலை மிதித்தபோது இவர்தான் மன்னிப்புக் கேட்டாராம். என் மனைவி கூடப் போயிருந்தாள், வீட்டுக்கு வந்து எனக்குச் சொல்லித் தலையில் அடித்துக்கொண்டாள். "இப்படியும் ஒரு பொம்பளையா? ஊர்ல இருக்கிற குத்தத்தையெல்லாம் வாங்கி மடியில கட்டிக்கிறாங்க."

நான் ஒரு நாள் அவரிடமே கேட்டேன். அவர் அதைக் குணமாகவே நினைக்கவில்லை, தொழில் பழக்கம் என்றார்.

"ரேடியோல ஒரு சத்தம் வருதுன்னு வையுங்க சார். நா மொதல்ல இன்னா பண்ணுவேன்? என் வூட்டு மெயினை ஆஃப் பண்ணிடுவேன். பேட்டரில ஓட்டுவேன். சத்தம் நின்னுச்சின்னா, என் வூட்டு சாமான்தான் எதோ கத்துது. நிக்கலயா, ஏரியலைக் கழட்டுவேன். கழட்டியும் கேக்குதுன்னா அது வெளிய இருந்தே வரல சார். நம்ம பொட்டிக்குள்ளயே பொறக்குற சத்தம். இந்த ரெண்டையும் பாத்தப்பறம்தான் அடுத்தவங்க வூட்டுக் கதவைத் தட்டணும்."

அவருடைய பெட்டியிலேயே அப்படி ஒரு சத்தம் இருந்தது. குமிழைத் திருப்பிக்கொண்டே போனால் ஓர் இடத்தில் மெல்லிசாக ஒரு விசில் கேட்கும். எங்கோ தூர தேசத்திலிருந்து யாரோ கூப்பிடுவதாக நான் நினைத்தேன். ஆபா சிரித்தார். ஏரியலைப் பிடுங்கிக் காட்டினார். விசில் நிற்கவில்லை. "இது எங்கியும் இல்லாத ஆளு சார். பொட்டி தனக்குத்தானே பேசிக்கினு கீது" என்றார். பிஸ்கட் டின்னை வெட்டி உள்ளே ஒரு தடுப்பு வைத்து அந்த விசிலைப் பாதியாகக் குறைத்திருந்தார். மீதிப் பாதியை என்ன செய்வது என்று கேட்டேன். "அது நம்ம சத்தம்னு தெரிஞ்சா போதும், அதுக்குப் பதில் சொல்லாம கடந்து போயிடலாம்" என்றார்.

அடுத்தவர் வீட்டுக் கதவைத் தட்டும் நேரமும் வரும். இந்தக் காலத்து எல்.இ.டி. விளக்கு, செல்போன் சார்ஜர், டிவி பெட்டி எல்லாமே நம் காதுக்குக் கேட்காத ஓர் இரைச்சலைக் கம்பி வழியாக வெளியே விடுகின்றனவாம். நமக்குத் தொல்லையில்லை. வானொலியில் மெல்லிய குரலைத் தேடுகிறவருக்கு அது கல்யாண மண்டபத்தில் ரகசியம் கேட்பதைப் போல. ஆபா ஒரு பழைய டிரான்சிஸ்டரைக் கையில் பிடித்துக்கொண்டு வராந்தா வராந்தாவாக நடப்பார். எந்த வாசலில் 'கர்ர்' சத்தம் பெருகுகிறதோ அந்த வாசலில் நிற்பார். மூன்றாம் மாடி மீன்தொட்டி விளக்கை அப்படித்தான் பிடித்தார். எங்கள் வீட்டு வைஃபை பெட்டியின் அடாப்டரையும் பிடித்தார்.

பிடித்தால் சண்டை கிடையாது. ரேடியோ சாமான்கள் விற்கும் ரிச்சி தெருவில் வாங்கிவந்த கறுப்பு வளையம் ஒன்றை எடுப்பார். கல் மாதிரி கனமாக, சின்ன வளையல் அளவில் இருக்கும். பெயர் ஃபெரைட் என்றார். குற்றவாளியின் ஒயரை அதற்குள் ஏழு சுற்றுச் சுற்றுவார். இரைச்சல் அடங்கிவிடும். எங்கள் வீடுகளில் அதற்கு ஆபா வளையல் என்றே பெயர். சுற்றி முடித்துவிட்டு அவர் எல்லா வீட்டிலும் தவறாமல் ஒன்று சொல்வார்: "உங்க தப்பு இல்ல. செஞ்சவன் உள்ள போடவேண்டியதைப் போடாம உட்டுட்டான்." இதைச் சொல்லாமல் அவர் எந்த வீட்டிலிருந்தும் இறங்கியதில்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவும் எதற்காக என்றால், தம்பிக்காக.

தம்பி குன்னூரில் இருந்தார். தேயிலை ஆலையில் வேலை பார்த்தவர். அக்காவும் தம்பியும் இளவயதில் ஒன்றாகப் படித்து ஒன்றாகப் பரீட்சை எழுதி உரிமம் வாங்கியவர்கள். பிறகு தம்பிக்குத் தொண்டையில் கட்டி வந்து அறுவை சிகிச்சை செய்தார்கள். உயிர் நின்றது, குரல் போயிற்று. பேச முடியாதவருக்கு மோர்ஸ் தந்தி இருந்தது. புள்ளிக்கு ஒரு குட்டித் தட்டு, கோட்டுக்கு ஒரு நீளத் தட்டு. மாலை ஐந்தே முக்காலுக்கு அங்கே அவர் தட்டுவார், இங்கே இவர் கேட்பார். அரை மணி நேரம். சரியாக ஆறே காலுக்கு நாற்காலி நகரும் சத்தம் கேட்கும். நான் ஆறு வருஷம் அந்த வீட்டுக்கு நேர்மேலே குடியிருந்தவன். அந்தச் சத்தத்தை வைத்து என் மனைவி குக்கர் ஏற்றுவாள்.

"வாட்ஸப்புல எழுதிக்கலாமே ஆபா?" என்று நான் மேதாவியாகக் கேட்டதுண்டு.

"எழுதறான் சார். அதுல எழுத்துதான் வரும், அவன் கை வராது."

எனக்குப் புரியவில்லை. ஒரு நாள் உட்காரவைத்துக் கேட்கச் சொன்னார். ஓட்டில் மழை பெய்வதுபோல் ஓர் இரைச்சல். அதற்குள் ஊசிமுனையாக டி-டா, டி-டா என்று ஏதோ தட்டியது. தம்பியின் கருவி சின்னது, சைக்கிள் விளக்கு எரியும் அளவுக்குத்தான் சக்தி என்றார். ஆபா பென்சிலைக் கூடத் தொடாமல் கேட்டுக்கொண்டிருந்தார். நடுவில் சிரித்தார். "ரசத்துல உப்பு இல்லியாம். பொண்டாட்டிகிட்ட சொல்ல முடியாம என்கிட்ட சொல்றான்." சற்று நேரத்தில் முகம் மாறியது. "இன்னிக்கி அவனுக்கு முடியல. கடைசிக் கோட்டை இழுக்காம உட்டுர்றான் பாருங்க. வாயால கேட்டா நல்லா கீறேன்னுதான் சொல்லுவான்." தானும் தட்டிக் கேட்டார். அவர் சொன்னபடியே நல்லா இருக்கிறேன் என்று பதில் வந்தது. தொடங்கும்போது தம்பி முதலில் ஆபா என்றுதான் தட்டுவாராம். அந்த ஒரு சொல்லிலேயே அன்றைய உடம்பு தெரிந்துவிடும் என்றார்.

இனி என் கதைக்கு வருகிறேன். தள்ளிப்போட்டுக்கொண்டேதான் இருந்தேன்.

எங்கோ ஓரிடத்தில் மின்சார ஸ்கூட்டர் சார்ஜ் போடும்போது தீப்பிடித்த செய்தியைப் படித்துவிட்டு, மூன்றாம் மாடிக்காரர் சங்கக் கூட்டத்தைக் கூட்டினார். கீழே மோட்டார் ரூம் பொதுப் பிளக்கில் யாரும் வண்டிக்குச் சார்ஜ் போடக்கூடாது, வேண்டுமானால் அவரவர் மீட்டரிலிருந்து தனி லைன் இழுத்துக்கொள்ளலாம் என்று தீர்மானம் ஆயிற்று. செயலாளன் நான். என் கையெழுத்திலேயே அறிவிப்பு எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டு, படிக்கட்டுச் சுவரில் ஒட்டினேன். ஒட்டி நான்கு மாதம்கூட ஆகவில்லை, நானே ஒரு மின்சார ஸ்கூட்டர் வாங்கினேன். தேனாம்பேட்டையில் அலுவலகம், சரக்கு அனுப்பும் கம்பெனி, போக வரக் கொஞ்ச தூரம்தான். என் மீட்டரிலிருந்து கீழே தனி லைன் இழுத்துத் தருகிறேன் என்று எலெக்ட்ரீஷியன் சொன்னார். அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று இழுத்தார். மோட்டார் ரூம் சாவி செயலாளனிடம் இருந்தது. மாலை ஐந்தே காலுக்கு வந்து வண்டியை உள்ளே தள்ளி, சார்ஜரைச் சொருகி, மேலே ஒரு சாக்கைப் போட்டு, கதவைப் பூட்டிவிடுவேன். வேலியே பயிரை மேய்ந்தது. வீட்டில் மனைவிக்குக்கூடச் சொல்லவில்லை. அலுவலகத்திலேயே சார்ஜ் போட்டுக்கொள்கிறேன் என்றுதான் அவளிடமும் சொல்லியிருந்தேன்.

அந்தச் சமயத்தில் ஆபாவுக்கு முழங்கால் மாற்று அறுவை சிகிச்சை ஆகி இரண்டு மாதம். வீட்டுக்குள்தான் நடை. குன்னூரில் தம்பிக்குக் கட்டி மறுபடி வந்திருந்தது. இந்த முறை மருத்துவர்கள் ஒன்றும் செய்வதற்கில்லை என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கண் மங்கி, செல்போனில் எழுத்துத் தேட முடியாமல் போயிற்று. காலை முழுக்க மருந்து மயக்கம். மாலையில் மட்டும் ஒரு மணி நேரம் தெளிவு. அந்த நேரத்தில் ஒரு விரலால் தட்ட முடிந்தது. மலை ஏறக்கூடாது என்று ஆபாவுக்கு மருத்துவர் உத்தரவு. ஆகவே அக்காவுக்கும் தம்பிக்கும் நடுவில் அந்த அரை மணிதான் மிச்சம் இருந்தது.

ஒரு திங்கட்கிழமை மாலை நான் வண்டியைப் பூட்டிவிட்டு மேலே ஏற, ஆபா கைத்தடியோடு படி இறங்கிவந்துகொண்டிருந்தார். ஒரு படிக்கு இரண்டு மூச்சு. கீழே வாட்ச்மேன் நின்றிருந்தார். மூன்றாம் மாடிக்காரர் பால் பாக்கெட்டோடு நின்றிருந்தார். அவருக்குப் பக்கத்துச் சுவரில் என் அறிவிப்பு இருந்தது.

"சார், உங்களைத்தான் தேடி வந்தேன். போன வாரத்துலருந்து சாயங்காலம் ஆச்சின்னா ஒரு இரைச்சல் சார். தம்பி பேசறது ஒண்ணுமே எடுபடல. என் வூட்டு மெயினை ஆஃப் பண்ணிப் பாத்துட்டேன். நிக்கல. எல்லா வூட்லயும் போன் பண்ணி கேட்டுட்டேன், புதுசா ஒண்ணும் வாங்கலன்னுட்டாங்க. உங்க வண்டி சார்ஜரு... எங்க சார் போடறீங்க?"

மூன்றாம் மாடிக்காரர் திரும்பிப் பார்த்தார்.

"ஆபீஸ்லயே போட்டுட்டு வந்துடறேன் ஆபா" என்றேன். நாக்கு தடுக்கவில்லை.

அவர் ஒரு கணம்கூடச் சந்தேகப்படவில்லை. முகத்தில் ஏமாற்றமும் இல்லை. வேலை மறுபடி தன்னிடமே வந்துவிட்டது என்பதுபோல் தலையாட்டினார். "அப்ப எங்கிட்டதான் கீது. ஏரியல் ஜாயிண்டோ, எர்த்தோ, எங்கியோ நா சரியாப் போடல" என்று சொல்லி, கைத்தடியை மாற்றிப் பிடித்துக்கொண்டு ஏறத் தொடங்கினார். நான் பின்னாலேயே, விழுந்துவிடாமல் பிடித்துக்கொள்ளக் கையை நீட்டியபடி ஏறினேன். எவ்வளவு அக்கறை பாருங்கள். மோட்டார் ரூம் கதவு அவர் நின்ற இடத்திலிருந்து நாலு தப்படி.

அந்த வாரம் முழுக்க அவர் பெட்டியைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். இரைச்சலை வடிகட்டும் பகுதியைக் கழற்றிப் புதிதாகச் செய்தார். என் மனைவி சாப்பாடு கொண்டுபோனபோது மேசை முழுக்க ஆணியும் ஒயரும் கிடந்தனவாம். "தட்டை வைக்க இடமில்ல. நிமிர்ந்துகூடப் பாக்கலைங்க" என்றாள். சனிக்கிழமை எலெக்ட்ரீஷியனை மாடிக்கு ஏற்றி ஏரியல் இணைப்புகளை எல்லாம் மறுபடி பற்றவைக்கச் சொன்னார். என் லைனை இழுக்க நேரமில்லாத அதே எலெக்ட்ரீஷியன்தான்.

ஞாயிற்றுக்கிழமை எனக்கு விடுமுறை. வண்டி எடுக்கவில்லை, சார்ஜும் போடவில்லை. ஆறே காலுக்கு நாற்காலி நகர்ந்தது. நகர்ந்த உடனேயே என் மனைவியின் போன் அடித்தது. "சரியாயிடுச்சிம்மா. பளிச்சுனு கேட்டான். பத்தவெச்சதுலதான் கோளாறு போல. அரை மணியும் பேசினோம்." அந்த அம்மா அப்படி வாய்விட்டுச் சிரித்து நான் கேட்டதில்லை. ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் எனக்கும் கேட்டது.

திங்கட்கிழமை மாலை நான் மறுபடி சார்ஜரைச் சொருகினேன்.

இந்த வாக்கியத்துக்குப் பதிலாக வேறு எதையாவது எழுத முடியுமா என்று பல நாள் யோசித்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமையே எனக்குத் தெரிந்துவிட்டது. தெரியாததுபோல் இருந்தது என் சாமர்த்தியம். புதன்கிழமை லைன் வந்துவிடும் என்று எலெக்ட்ரீஷியன் சொல்லியிருக்கிறார், இரண்டு நாளில் என்ன குடிமுழுகிவிடப் போகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். புதன் வந்தது, எலெக்ட்ரீஷியன் வரவில்லை. ஆறே காலுக்கு நாற்காலிச் சத்தமும் சரியாக வருவதில்லை. சில நாள் ஏழு வரைக்கும் உட்கார்ந்திருப்பார். வழியில் பார்த்தபோது, "ஞாயித்துக்கிழமை நல்லா இருந்துச்சி சார், அப்பறம் மறுபடி பூடுச்சி. எங்கியோ லூஸ் காண்டாக்ட்டு. கை பழைய மாதிரி இல்ல எனக்கு" என்றார். வயதான கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார். அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அடுத்த ஞாயிறு மறுபடி நன்றாகக் கேட்டது. அன்றும் அவர் தன் வேலையில் எது பலித்தது என்றுதான் யோசித்தார்.

அதற்கடுத்த வியாழக்கிழமை மாலை ஆறரைக்குக் குன்னூரிலிருந்து போன் வந்தது.

நானும் மனைவியும் இறங்கிப் போனபோது பெட்டி ஓடிக்கொண்டுதான் இருந்தது. அறை முழுக்க என் சார்ஜரின் சத்தம். எனக்கு மட்டும் தெரிந்த சத்தம். ஆபா அதை அணைக்காமல் நாற்காலியில் இருந்தார். நான் போய்க் குமிழைத் திருகி அணைத்தேன். 

என் மனைவியிடம்தான் சொன்னார். "தம்பி பொண்டாட்டி சொன்னா. அஞ்சே முக்காலுக்கு உக்கார வெக்கச் சொன்னானாம். தலகாணிய முட்டுக் குடுத்து வெச்சிருக்கா. அரை மணி நேரம் நிறுத்தாம தட்டினானாம். முடிச்சிட்டு, படுக்க வையின்னு சைகை காமிச்சானாம். அவ்ளோதான். இன்னா தட்டினான்னு அவளுக்குத் தெரியாதும்மா. அந்த வூட்ல யாருக்கும் மோர்ஸ் தெரியாது. எனக்குதான் தெரியும்."

மேசைமேல் நோட்டுப் புத்தகம் திறந்து கிடந்தது. எப்போதும் பென்சில் தொடாதவர் அன்று எழுத முயன்றிருந்தார். பக்கம் முழுக்கப் புள்ளிகள், காலி இடங்கள், அங்கங்கே ஒற்றை எழுத்து. அரை மணி நேரத்தில் முழுதாகக் கிடைத்தவை மூன்றே சொற்கள். இரண்டு இடத்தில் ஆபா. ஓரிடத்தில் முட்டி.

"முட்டி எப்படி கீதுன்னு கேட்டானா, முட்டி வலியோட கெளம்பி வராதன்னு சொன்னானா, தெரியலம்மா" என்றார். பிறகு என்னைப் பார்த்தார். "என் பொட்டி சரியில்ல சார்."

நான் இரண்டு கையையும் கட்டிக்கொண்டு நின்றேன். அழுகை வந்தது, அழுதேன். இரக்கப்பட்டு அழுகிறேன் என்று அவர் எனக்குத் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார்.

ஒன்பது நாள் கழித்து என் தனி லைன் வந்தது. அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை அவர் வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிட்டேன். மனச்சாட்சி என்று பெரிய வார்த்தை சொல்லமாட்டேன். அந்த மூன்று வாரமும் ஒருவர் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்ததை அதற்கு மேல் தாங்க முடியவில்லை. எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். மோட்டார் ரூம், சாக்கு, படிக்கட்டில் சொன்ன பொய், இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள்.

 வெளியே காய்கறி வண்டிக்காரர் தெருமுனை வரை போய்த் திரும்பி வந்துவிட்டார்.

"மோட்டார் ரூம்லயா?"

"ஆமா ஆபா."

"ஏரியல் ஒயரு அந்தச் செவுத்து மேலதான் சார் எறங்குது." தரையைப் பார்த்தபடி சொன்னார். "ஞாயித்துக்கிழமை மட்டும் நல்லா இருக்குதுன்னா, அது லூஸ் காண்டாக்ட்டு இல்ல. ஆளு லீவுல இருக்கான்னு அர்த்தம். சின்னப் புள்ளைக்கிக் கூடத் தெரியும். எனக்கும் தோணிச்சி. சார் இல்லைன்னு சொன்னாரேன்னு அதை உட்டுட்டேன். அவ்ளோ படி எறங்கி வந்தவ, நாலு தப்படி நடந்து அந்தக் கதவுல காது வெச்சிருக்கணும். நா சரியாத் தேடல."

திட்டுவார் என்று போயிருந்தேன். திட்டியிருந்தால் நான் பிழைத்திருப்பேன். என் பொய்யையும் எடுத்துத் தன் மடியில் கட்டிக்கொண்டார். அதற்குப் பிறகு நான் காத்திருந்தேன். ஒவ்வொரு வீட்டிலும் தவறாமல் சொல்வாரே, அந்த வாக்கியத்துக்காக, வெட்கமில்லாமல் காத்திருந்தேன். அவர் சொல்லவில்லை. எழுந்து போய் அடுப்பில் டீக்குத் தண்ணீர் வைத்தார். டீ குடித்துவிட்டு வந்தேன்.

சங்கக் கூட்டத்தில் எல்லார் முன்னிலையிலும் ஒப்புக்கொண்டு செயலாளர் பதவியை விட்டேன். மூன்றாம் மாடிக்காரர் நன்றாகவே ஏசினார். அது எனக்குப் போதவில்லை. மனைவி பத்து நாள் பேசவில்லை. ஆபா அடுத்த வருஷம் வீட்டைக் காலி செய்துகொண்டு, தம்பி மனைவிக்குத் துணையாகக் குன்னூருக்கே போய்விட்டார். பெட்டியைக் கொண்டுபோனார் என்று கேள்வி. என் போனில் அவர் எண் இருக்கிறது. கூப்பிட்டதில்லை.

ஆபா போவதற்கு முன்னால் நடந்த ஒன்றைச் சொல்லவேண்டும். நான் போய்ச் சொன்னதற்கு மறுநாள், திங்கட்கிழமை, ஐந்தே கால் மணி. வண்டியை நிறுத்தி என் புது பிளக்கில் சார்ஜரைச் சொருகப் போனேன். லைன் மாறினாலும் பிளக் இருந்தது மோட்டார் ரூம் சுவரில்தான். ஆபா கைத்தடியோடு இறங்கி வந்தார். இந்த முறை நாலு தப்படியும் நடந்து உள்ளே வந்தார். கையில் கறுப்பு வளையல். அவரிடம் இருந்ததிலேயே பெரியது.

"குடுங்க சார்" என்று சார்ஜர் ஒயரை வாங்கினார். மோட்டார்மேல் உட்கார்ந்துகொண்டு வளையத்துக்குள் விட்டு விட்டு இழுத்தார். ஏழு சுற்று. வாய்க்குள் எண்ணினார். ஒயர் தடிமன், விரலுக்குக் கஷ்டமாக இருந்தது. நான் பிடிக்கப் போனேன், தலையசைத்து வேண்டாம் என்றார். கடைசியில் ஒரு பிளாஸ்டிக் பட்டையைப் போட்டு இறுக்கிவிட்டு எழுந்தார்.

"நா மேல போயி உக்காந்தப்பறம் சொருகுங்க. கூப்பிடறேன்."

அவர் ஏறி முடிக்கப் பத்து நிமிஷம் ஆயிற்று. மோட்டார் ரூமுக்கு நேர் மேலேதான் அவருடைய பெட்டி இருக்கும் அறை. நாற்காலி இழுக்கும் சத்தம் கேட்டது. ஜன்னலிலிருந்து குரல் வந்தது.

"போடுங்க சார்."

போட்டேன். சார்ஜரில் சிவப்பு விளக்கு எரிந்தது.

"போட்டுட்டீங்களா?"

"போட்டுட்டேன் ஆபா."

 மணி பார்த்தேன். ஐந்தே முக்கால்.

"சுத்தமா கீது சார்" என்றார். "ஒண்ணுமே கேக்கல."

நான் அங்கேயே, சார்ஜர் பக்கத்தில் நின்றேன். மேலே நாற்காலி ஆறே கால் வரைக்கும் நகரவில்லை.